தங்கச்சியின் தப்பு நோட்டு

என் தங்கச்சிக்கு நுழைவுத் தேர்வில் 655 வந்த அன்று அம்மா சிராங்கூன் ரோட்டிலிருந்து லட்டு வாங்கிவந்து, ஈசூனில் எங்கள் மாடியிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். நானும் ஒன்றைத் தின்றேன். இனித்தால்தானே!

எம்.பி.ஏ. சேர இருவரும் ஒன்றாகத்தான் படிக்க ஆரம்பித்தோம். முதல் தடவை எனக்கு 585, அவளுக்கு 565. அந்த இருபது மார்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன ஆட்டம் ஆடினேன்! "பரவால்லடி, எல்லாருக்கும் முதல் தடவையே வருமா?" என்று ஆறுதல் வேறு. மூன்றே மாதத்தில் அவள் தொண்ணூறு மார்க் ஏற்றிவிட்டாள். நான் ஆசைப்பட்ட கல்லூரிக்குக் குறைந்தது 645 வேண்டும். விண்ணப்பக் கெடு முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. முப்பத்து நான்கு வயதில் இன்னொரு வருடம் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ஒரே பொறாமை. எனக்கு 645 வருவதைவிட அவளுக்கு 655 வந்ததுதான் பெரிய விஷயமாகப் போயிற்று.

அவளிடம் ஒரு நீல நோட்டு உண்டு. பயிற்சித் தேர்வில் தப்பாகப் போன கேள்விகளை அதில் எழுதி, எங்கே ஏமாந்தாள் என்று பக்கத்திலேயே ஒரு வரி குறித்துவைப்பாள். எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் அதையேதான் புரட்டுவாள். ரகசியம் அதற்குள் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டேன்.

நான்கு வாரம் அதைத்தான் படித்தேன். முக்கால்வாசி கணக்கு. நான் ஆடிட் வேலை பார்ப்பவள். ஒன்று விடாமல் சரியாகப் போட்டேன். "அடச்சே, இதுக்குத்தான் இவ்ளோ அலட்டலா!" என்று பக்கத்துக்குப் பக்கம் சந்தோஷம். அவள் தடுமாறிய இடத்தில் நான் தடுமாறவில்லை என்பதே பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

இரண்டாம் தடவை தேர்வு எழுதி முடித்ததும் திரையில் மார்க் வந்தது. 575. இருந்ததிலும் பத்து குறைவு! மறுபடி எழுத நாள் இல்லை. அந்த வருடம் போயே போயிற்று.

தேர்வுக் கூடத்துக்கு வெளியே தங்கச்சி எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கிவைத்துக்கொண்டு நின்றாள். மார்க்கைச் சொன்னேன். என் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தாள்.

"நீ என் நோட்டை போட்டோ எடுத்தது தெரியும்க்கா. வச்ச இடம் மாறியிருந்துச்சு, நாலு வாரமா நீ போன்ல என் கையெழுத்தையேதானே பாத்துட்டிருந்த. உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே, அதை ஏன் படிச்ச? ஆங்கிலக் கேள்வியில பத்தியைப் பாதி படிச்சிட்டு அவசரமா பதில் போடுவ, அங்கதான் உனக்கு மார்க் போகுது. அதெல்லாம் என் நோட்டுல எப்படி இருக்கும்?"

"தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீயா வந்து கேப்பேன்னு பார்த்தேன்லா. கேட்டிருந்தா உக்காந்து சொல்லிக் கொடுத்திருப்பேன்."

சொல்லிக் கொடுத்திருப்பாள்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும். அவளிடம் போய்க் கேட்பதைவிடத் திருடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.