கோட்டு இல்லாத ஒரு படத்துக்காக

ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரில் யாருக்குக் காதுகுத்து, யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காரியம் என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகத் தெரிந்துவிடும். திண்டிவனத்தில் பதினோரு வருடமாக நான் டிசைனர். கம்ப்யூட்டரில் படம் வரைய ஆசைப்பட்டு, கையைக் கடிக்காத ஒரு டேப்லெட் தேடி அலையும் என்னைப் போன்ற பாவப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே கோட்டு

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பெரும்பாலும் ரேஷன் கார்டு போட்டோதான் வரும். தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் கோட்டு சூட்டு உடம்பில் ஒட்டுவோம். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கியவரும் கரும்பு வெட்டியவரும் எங்கள் கடை வழியாகப் போனால் கலெக்டர்தான். காணை கிராமத்திலிருந்து வந்த ஒருவர், கோட்டு போட்ட தன் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உயிரோட இருக்கச்சொல்ல ஒரு நல்ல சட்டை எடுத்துத் தரலம்மா. இதாவது இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வானூர் பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். லுங்கியும் தலையில் ஒரு துண்டும்தான் அவருக்கு உடுப்பு. முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். அதனால் போட்டோ என்றாலே ஓடுவார். மிஞ்சியது லைசென்ஸ் படம் ஒன்றுதான்.

என்னோடு வேலை செய்யும் செல்வம்தான் பேனர் செய்தான். அதே படத்தை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டினோம். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அப்பா என்றால் அவளுக்கு அந்தக் கோட்டு ஆள்தான். அதற்காகச் செல்வத்தை எப்படிக் குறை சொல்வது? அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னான்: "அக்கா, மாமாவுக்குன்னு கடையிலயே நல்ல கோட்டா பாத்துப் போட்டிருக்கேன்."

கத்திரிக்காய் மூக்கு

அவரை அவராகவே வரைந்து மகளிடம் காட்டிவிட வேண்டும், எனக்கே மறப்பதற்கு முன்னால். பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன். பேப்பரில் வரையலாமே என்பீர்கள். வரைந்தேன். அந்தப் பாதிப் பல்லை அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதுதான் மிச்சம். கம்ப்யூட்டரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாமே என்று மௌஸால் முயன்றேன். மூக்கு கத்திரிக்காய் ஆனது. செல்வம் எட்டிப் பார்த்துவிட்டு, "மௌஸ் வெட்டி ஒட்டறதுக்குதான்க்கா. வரையணும்னா பேனா வெச்ச டேப்லெட் வேணும்" என்றான்.

கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்

விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். திரையிலேயே வரைகிற மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். மலிவானது திரை இல்லாத வெறும் பலகை. கீழே பலகையில் வரைய வேண்டும், மேலே மானிட்டரில் பார்க்க வேண்டும். குருடி கோலம் போட்ட மாதிரி வந்தது. கடைக்காரர் சமாதானம் சொன்னார்: "பழகற வரைக்கும் கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம்தான் இருக்கும் மேடம். நாளாக நாளாக சரியாயிடும்."

ஜோடிப் பேனா

பழையது வாங்கினால் இன்னும் மிச்சமாகுமே என்று குயிலாப்பாளையத்தில் படம் வரையும் ஒரு பெண்ணைத் தேடிப் போனேன். பெரிய பலகை, புதுசு மாதிரி. பேனா மட்டும் தொலைந்துவிட்டதாம். வேறு பேனா வாங்கிக்கொள்கிறேன் என்று நான் காசை எடுத்தேன். நல்ல பெண், தடுத்துவிட்டாள். நினைவு வைத்துக்கொள்ளுங்கள், பேனா இல்லாத பழசைத் தொடவே தொடாதீர்கள். பஸ்ஸில் வரும்போது அழுதேன். டேப்லெட்டுக்காக இல்லை, அவள் சொன்ன வார்த்தைக்காக: "கூட வந்த பேனா போச்சுன்னா இது அவ்ளோதான்க்கா. வேற எது வெச்சாலும் ஒத்துக்காது."

பாதிப் பல்

கடைசியில் விழுப்புரத்துக்கே போய்ச் சின்னப் பலகையை வாங்கினேன். சார்ஜ் போடத் தேவையில்லாத பேனாவும் கூட வந்தது. நாலு மாதம், தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே வரைந்தேன். விழுப்புரத்துக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, கையும் கண்ணும் சேர்ந்துகொண்டன. லுங்கி, துண்டு, சிமெண்டுத் தூசி படிந்த புருவம். பல்லைக் கடைசியாகப் போட்டேன். போட்டதும் அவர் சிரித்தேவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்த மகளை மடியில் உட்கார வைத்துத் திரையைக் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "யாரும்மா இது? எங்க அப்பா கோட்டு போட்டுக்கினு இல்ல இருப்பாரு?"

ஊரில் அத்தனை பேருக்கும் கோட்டு மாட்டிவிட்ட எனக்கு, ஒரே ஒருவருக்கு அதைக் கழற்றிவிடத்தான் எந்த விலையிலும் பேனா கிடைக்கவில்லை.