முன்பாரம்

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் சாத்திக் கிடக்கிறது. லாசாலில் வீடு மாறிய போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. "கள்ளனுக்கோ?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது அக்காவின் புருசன், என் அத்தானின் குழாய். இருந்த இடத்தில் இருக்கமாட்டாத மனிதர் அவர். அந்தக் குணம் எனக்கும் தொற்றிவிட்டது. இதை எழுதத் தொடங்கிய பிறகு இரண்டு தரம் எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டேன்.

எண்பதுகளில் அகதிகளாக வந்து, இதே லாசாலில் ஒரு அறை வீட்டில் அக்கா, அத்தான், நான் மூவரும் இருந்தோம். அக்கா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் திடீரென்று ரொறன்ரோவுக்குப் போவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏனென்று கேட்டால், "இஞ்சத்தைக் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்பார். ரொறன்ரோவில் என்ன, வெயிலா கொளுத்துகிறது? அந்த நாட்களில் எங்கள் கட்டடமும் ஒரு மாதிரித்தான் இருந்தது. நானும் அக்காவும் படியேறினால் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மேல்வீட்டு மட்டக்களப்பு மாமி காரணமில்லாமல் அக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போவா. எனக்கு எரிச்சலாக இருந்தது.

பக்கத்து ஊரான லவாலில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அத்தான் பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினார். அதைக் காரோடு கொளுவும் இடத்தில், இரண்டு பக்கமும் உருக்குச் சட்டங்கள் இருந்தன. சட்டத்தின் நுனியில் சங்கிலி. அதைக் குழாயால் நெம்பி ட்ரெயிலரில் மாட்டினால், காரின் பின்சில்லில் இறங்கும் பாரத்தில் ஒரு பங்கு முன்சில்லுக்குப் போகும். விற்றவர் ட்ரெயிலரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமத்தி, "துவான், துவான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிரெஞ்சில் முன்னுக்கு என்று அர்த்தமாம். அத்தான் "மெர்சி, மெர்சி" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அத்தானின் ஆட்கள் ஊரில் புகையிலை வண்டி விட்டவர்கள். வண்டியில் முன்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். அந்தப் பழக்கத்தில் அரிசி மூட்டை, தையல் மெஷின், பெட்டிகள் எல்லாவற்றையும் பின்னால் ஏற்றி, முன்னால் தலையணைகளை அடுக்கினார். கொளுவிப் பார்த்தபோது காரின் பின்பக்கம் கொஞ்சமும் பதியவில்லை. "பாத்தியே பிள்ளை, நோகாமல் நிக்குது" என்று பெருமைப்பட்டார். சங்கிலியையும் இளக்கமாகத்தான் விட்டார்.

லாசால் இருக்கும் ஆற்றுத் தீவை விட்டு வெளியேறும் பாலத்தில் ஒரு பெரிய லொறி எங்களை முந்தியது. அந்தக் காற்றில் ட்ரெயிலர் வாலை வீசத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சுக்கும் கார் அடுத்த நிரைக்கு இழுபட்டது. அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டில் நான் பிள்ளையாரையும் கூப்பிட்டேன், மாதாவையும் கூப்பிட்டேன். அத்தான் பிரேக்கைத் தொடாமல் பெற்றோல் மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தார். கார் வேகம் குறைந்து, பாலம் தாண்டியதும் கரையில் போய் நின்றது.

அக்கா இறங்கிப் பின்னால் போய் ட்ரெயிலரின் கதவைத் திறந்து பார்த்தாள்.

"மாட்டுக்கு நோகுமெண்டோ எல்லாத்தையும் பின்னுக்குப் போட்டனீங்கள்? இதுக்கு எங்கையப்பா கழுத்து? அந்த மனிசன் முன்னுக்கெண்டு அமத்தி அமத்திக் காட்டினதல்லே!"

அத்தான் புல்லில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். பிறகுதான் சொன்னார். ஊரிலிருந்த எங்கள் தம்பியை ஆமி சுட்டுக் கொன்றுவிட்டதாம். மேல்வீட்டு மாமியின் போனுக்குச் செய்தி வந்து இரண்டு கிழமையாம். "பிள்ளைத்தாச்சி தாங்கமாட்டாள் எண்டு... கட்டடத்தில ஆரும் வாய்தவறிச் சொல்லிப்போடுவினமெண்டுதான் வெளிக்கிட்டனான்."

அக்கா அழுததை எழுத என்னால் ஏலாது. எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. தம்பி செத்தது தெரியாமல் இரண்டு கிழமை நான் சிரித்திருக்கிறேன், படம் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

வெகுநேரம் கழித்து அக்கா கண்ணைத் துடைத்தாள். "எல்லாத்தையும் முன்னுக்கு ஏத்துங்கோ. திரும்பி வீட்டை போவம்."

ஏற்றினோம். இப்போது காரின் முன்பக்கம் மேலே கிளம்பி நின்றது. அத்தான் ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு, முன்சில்லுக்கு மேலே வளையும் தகட்டின் விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரமென்று சாணால் அளந்தார். திரும்பக் கொளுவி, அதே உயரத்துக்கு முன்பக்கம் இறங்கும்வரை இரண்டு சங்கிலியையும் ஒரே அளவாகக் கண்ணி கண்ணியாக ஏற்றினார். குழாயால் நெம்ப நானும் கைகொடுத்தேன். திரும்பி வரும்போது ட்ரெயிலர் அசையவில்லை. கட்டடத்து வாசலில் மாமி நின்றா. அக்காவைக் கண்டதும் அவவுக்கு விளங்கிவிட்டது. அன்று அந்தக் கட்டடம் முழுக்க எங்களோடிருந்து அழுதது. பிறகு ரொறன்ரோப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்போது அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை. அன்று வயிற்றிலிருந்தவள், என் பெறாமகள், போன சனிக்கிழமை விடுமுறைக்குப் போகும் வழியில் தன் ட்ரெயிலரோடு என் வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் பின்சீட்டில் பிரெஞ்சில் சண்டை. காரின் முன்பக்கம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இருவருமாக நெம்பி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி ஏற்றினோம். முன்பக்கம் இறங்கியது.

"சரி சித்தி, போயிட்டு வாறன்."

என் உடம்பைப் பற்றி டொக்டர் சொன்னதை, அவள் விடுமுறை முடிந்து வந்த பிறகு சொல்வோமென்றுதான் ஒரு மாதமாக வைத்திருந்தேன். குழாய் என் கையில் இருந்தது.

"நில்லு பிள்ளை," என்றேன். "ஒரு விசயம் இருக்கு. கேட்டுட்டுப் போ."