விசில் இல்லாத குக்கர்

நகைச்சுவை நடிகைக்குத் தலைவாரிவிடுபவளை ஸ்டூடியோவில் எல்லோரும் சீப்பக்கா என்பார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே தலை.

நடிகை பருமனானவள். மேடையேறினால் முதல் அடி தன் மேல்தான். "என்னைப் பாத்தா லிஃப்டே படியில போகச் சொல்லுது" என்பாள். பேட்டியெடுக்க வந்தவர்கள் கொண்டுவந்த கேலி பையிலேயே கிடக்கும். "ஊரு சிரிக்கறதுக்கு முன்னாடி நாமளே சிரிச்சுட்டா, ஊருக்கு என்னக்கா மிச்சம்?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள்.

அவள் கணவன் வேறொருத்தியோடு போனபோது மட்டும் அந்த வித்தை கைகொடுக்கவில்லை. பத்திரிகைகள் பரிதாபப்பட்டே அவளைக் கொன்றன. இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் தோன்றினாள்.

"போன மனுஷன் குக்கரைத் தூக்கிட்டுப் போயிட்டாரு, விசில மறந்துட்டாரு. இனி எங்க போனாலும் அவரு பருப்பு வேகாது."

அரங்கம் அதிர்ந்தது. மறுநாளே, 'துணிச்சல்காரி' என்று எழுதினார்கள்.

ஆனால் குக்கரோடு போனவன் நடிகையின் கணவன் இல்லை, சீப்பக்காவின் கணவன். நடிகையின் ஈர முடியைச் சிக்கெடுத்தபடி சீப்பக்கா எப்போதோ சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு சீப்பக்காவின் மகள் கேட்டாள்: "நம்ம வீட்டு விஷயத்தை எதுக்கும்மா வெளிய சொன்னே?" அன்று முழுக்க அவள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் சீப்பக்கா சீப்பைக் கையிலெடுக்கவில்லை.

"அது என் குக்கர், மேடம்."

நடிகை தலைகுனிந்தாள். "என் கதையில சிரிக்க ஒண்ணுமே இல்லக்கா. அதான் உங்களோடத எடுத்துக்கிட்டேன். தப்புதான். அடுத்த பேட்டியில உங்க பேரைச் சொல்லிடட்டுமா?"

"வேணாம். எம்பொண்ணு காலேஜுக்குப் போகணும். இனிமே எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க."

"சரிக்கா."

சீப்பக்கா எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு, "உங்க வீட்ல என்னதான் நடந்துச்சு?" என்றாள்.

நடிகை சொன்னாள். மூன்று வருஷமாக இரவுச் சாப்பாட்டு மேஜையில் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனைச் சிரிக்கவைக்க அவள் தினமும் ஒரு ஜோக் யோசித்து வைத்திருப்பாளாம். அவன் தட்டைக் கழுவிவிட்டுப் போய்விடுவானாம்.

சீப்பக்கா வாரிப் பின்னி முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஷாட் ரெடி என்று இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். "பின்னல் இன்னும் முடியலப்பா" என்று பொய் சொல்லி அனுப்பினாள்.

அந்தக் கதையை நடிகை எந்த மேடையிலும் சொல்லவில்லை. சீப்பக்காவும் மகளிடம்கூடச் சொல்லவில்லை.