தரணேந்திரன் மாற்றி வைத்த பலகைகள்

எங்கள் பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் காலை ஏழு மணிக்கு, "தரணேந்திரன் சார் காலமானார்" என்று வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவருக்கே போன் போட்டு, "யாரு பார்த்தது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது அவருடைய கேள்வி. யார் எதைச் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்பார். மனுஷன் தன் சாவுச் செய்தியைக்கூட அப்படித்தான் விசாரித்திருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரணியை ஒட்டிய எங்கள் பொதுத் தோட்டத்தில், பட்டம் வாங்கியவர்களுக்கு இரண்டு வருஷ மேற்பயிற்சி நடக்கிறது. ஊர்ப் பூங்காக்களையும் தாவரவியல் தோட்டங்களையும் நாளைக்குத் தலைமையேற்று நடத்தப் போகிறவர்கள் இங்கே தயாராகிறார்கள். நிர்வாகம் என் பொறுப்பு. மரங்களும் அவற்றின் பதிவேடும் அவர் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மொட்டைக் கடுதாசி வந்து அவரைப் பயிற்சியிலிருந்து விலக்கினார்கள் அல்லவா? யார் யாரையோ சந்தேகப்பட்டீர்கள். பாவம், தோட்டக்காரர்களிடம்கூடக் கையெழுத்து வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதை எழுதியது நான்.

சந்தேகத்தில் அவருக்கு நான் சளைத்தவள் இல்லை. ஆனால் அவர் சந்தேகம் வேறு ஜாதி. ஒரு தடவை முள்ளிப்பட்டு நெசவாளர்கள் வந்து, "காலையில உங்க மரத்தடியில பட்டு நூல் பாவு நீட்டிக்கிறோம், தெருவுல வண்டி பேஜாரா கீது" என்று கேட்டார்கள். அந்த மாதம் தோட்டத்தை நடத்தும் பொறுப்பு ஒரு மாணவரிடம் இருந்தது. எங்களிடம் அதுதான் முறை, ஒவ்வொருவரும் ஒரு மாதம் முழுத் தோட்டத்துக்கும் தலைவர். அந்த மாணவர் பெருந்தன்மையாக, தூங்குமூஞ்சி மரங்களின் நிழலை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தரணேந்திரன் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அந்த நிழலில் ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டார். சாயந்தரம் பார்த்தால் வேட்டி முழுக்கப் பிசுபிசுவென்று புள்ளிகள். எல்லாம் மரத்துப் பூச்சிகளிடமிருந்து சொட்டியவை. "இது பட்டு நூல் மேல விழுந்திருந்தா? மரத்தையும் நம்பாதீங்க தம்பி" என்றார். நெசவாளர்களுக்குக் கிழக்கு மதிலோரப் பாதை கிடைத்தது.

அவரையே நான் நம்பாமல் போனது இப்படித்தான். கூட்டம் எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்து போய்விடுவார். யாரைப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு ஒரு அரிப்பு. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பம்பு செட் மேடையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க மேடம், சாப்பிடறீங்களா?" என்றார். வெட்கமாகப் போயிற்று. வெட்கம் சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டித்தான் விட்டது.

அந்தச் சமயத்தில்தான் நாற்றங்காலில் செம்மரக் கன்றுகள் சில காணாமல் போயின. அடுத்த வாரம் காலை நடைக்குப் போனவள், அவர் நீர்மருதின் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கருமருதில் மாட்டுவதைப் பார்த்தேன். இதன் பலகை அதற்கு, அதன் பலகை இதற்கு. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் செய்தார். ஒன்று வழவழவென்று வெளுத்த பட்டை, மற்றொன்று முதலைத் தோல் மாதிரி வெடித்த பட்டை. முப்பது வருஷம் மரம் பார்த்தவர் தவறிச் செய்வாரா? கன்றுகளையும் இப்படித்தான் பெயர் மாற்றி வெளியே அனுப்புகிறார் என்று முடிவு கட்டினேன். நேரில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடுதாசி எழுதினேன்.

விசாரணைக் கமிட்டியில், "பலகைகளை நீங்கதான் மாத்தினீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, நான்தான்." "ஏன்?" "அதைச் சொல்றதுக்கு இல்லைங்க." அவ்வளவுதான். திருட்டை நிரூபிக்க முடியவில்லை, ஆனால் பாடம் நடத்த வேண்டாம் என்று நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். வாரம் ஒரு தடவை என் அறை வாசலில் நின்று, "இன்னா மேடம், வேற ஏதாவது காணாம போச்சா?" என்று சிரிப்பார். என்ன நெஞ்சழுத்தம் என்று நான் பல்லைக் கடிப்பேன்.

தெள்ளார் பக்கம் அவர் ஊருக்குத் துக்கத்துக்குப் போனபோதுகூட, நான் எழுதியது சரிதானா என்று தேடிக்கொண்டுதான் போனேன். பந்தலில் நஸ்ரீன் இருந்தாள். எங்கள் பழைய மாணவி, இப்போது ஒரு பெரிய பூங்காவின் தலைவர். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மேடம், சார் மாத்தி வெச்சது எங்களுக்குப் பரீட்சை" என்றாள். "ஒவ்வொருத்தர் பொறுப்பு மாசத்துலயும் ரெண்டு பலகையை மாத்திடுவாரு. நாங்களா கண்டுபிடிச்சிகினு போனா, யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்பாரு."

"கண்டுபிடிக்காதவங்க?"

"அவங்களுக்கு இன்னிக்கும் தெரியாது. எங்க பேட்ச்ல நான் ஒருத்திதான்."

"கமிட்டியில அவரு ஏன் சொல்லல?"

"நான் கெஞ்சினேன் மேடம். 'அங்க சொன்னா சாயந்தரத்துக்குள்ள வாட்ச்மேன் வரைக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் பிள்ளைங்க பலகையைத்தான் பார்ப்பாங்க, மரத்தைப் பார்க்க மாட்டாங்க'ன்னாரு."

"கடுதாசி எழுதினவங்களப் பத்தி?"

"சிரிச்சாரு. 'யாரோ தெரியல, பயிற்சியில சேராமயே பாஸ் பண்ணிட்டாங்க'ன்னாரு."

இதையும் நான் நம்பவில்லை. செத்தவரை நல்லவராக்க இப்படிச் சொல்கிறாளோ என்று, திரும்பி வந்ததும் மரப் பதிவேட்டைத் திறந்தேன். ஓரத்தில் பென்சிலில் இருந்தது. எந்த மரம், என்றைக்கு மாற்றியது, என்றைக்குத் திரும்ப மாட்டியது, எந்த மாணவரின் மாதம். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார் பாவி மனுஷன். ஆறு வருஷமாகக் கைக்கெட்டும் அலமாரியில் இருந்த பதிவேடு. அவரைப் பின்தொடர்ந்து பம்பு செட் வரை போன நான், இதை ஒரு தடவைகூடப் புரட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செம்மரக் கன்றுகள் எங்கே போயின என்று இன்றும் தெரியாது. அதற்காக அவர் மேல் பழி போடாதீர்கள்.

இரண்டு நாள் இதை எழுதலாமா வேண்டாமா என்று தவித்தேன். எழுதினால் அவர் பெயர் சுத்தமாகும், அவர் பரீட்சை செத்துவிடும். தன் வகுப்புகளையே விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய ரகசியத்தை, அவரை விரட்டிய நானே உடைக்க வேண்டும். எழுதாவிட்டால் திருடன் என்ற பேச்சு அவர் பிள்ளைகள் காதிலும் விழும். உடைத்துவிட்டேன். சார், கோபப்படுங்கள், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பதிவேடும் பென்சிலில் எழுதும் பழக்கமும்தான். அவருடைய வகுப்புகளை இந்த மாதத்திலிருந்து நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வருஷத்துப் பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு நாளைக் காலை பலகைகளைச் சரிபார்க்க ஓடுவீர்கள் என்று தெரியும். ஓடுங்கள். எல்லாம் சரியாகவே இருக்கும். இனிமேல் நான் மாற்றப் போவது பலகையை இல்லை.

கோமதி