எட்டு ஆளைத் தின்னும் மிஷின்

எனக்கு அப்போது ஆறு வயது. ஜெராம் சாலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குள் திரும்பும் மண் பாதையில் மாமா அந்த மிஷினை ஓட்டிக்கொண்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரவாங்கில் ஒரு பட்டறையில் இருந்தவர், இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று வேலையை விட்டுவிட்டு, செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கும் குத்தகையைத் தோட்டத்தில் எடுத்திருந்தார்.

டிராக்டருக்குப் பின்னால் ஒரு நீலத் தொட்டி. அதன் இருபுறமும் மடித்து வைத்த இரும்புக் கைகள். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தொட்டியைத் தட்டிக் காட்டினார்.

"எப்படிக்கா இருக்கு? எட்டு ஆளத் தின்னுடும்லா இது."

தட்டியபோது உள்ளே வெறுமையாக ஒலித்தது. பசியோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மருந்துப் பம்பை முதுகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். "எங்க கும்பல்ல மொத்தமே எட்டுப் பேருதான்டா" என்றாள்.

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "ஒன்னய விட்டுருவேனாக்கா? மண்டோர்கிட்ட பேசறேன்."

"மிஷினுக்கு அக்கா தங்கச்சி தெரியுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

மிஷின் எங்கள் வாசலுக்கு எதிரிலேயே நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும் என்பதால் அடக்கிக்கொண்டு கிடந்தேன். அம்மா அந்தத் தொட்டிக்குள் எப்படிப் போவாள், தலை முதலிலா கால் முதலிலா என்பதே என் யோசனையாக இருந்தது.

மறுநாள் விடியற்காலைப் பிரட்டுக்கு, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். எவ்வளவு விரட்டியும் விடவில்லை. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் எல்லோரையும் கூப்பிட்டார். அந்த எட்டுப் பேரை மட்டும் கூப்பிடவில்லை. மிஷின் உறுமியது. கைகளை விரித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது அது மரங்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்த மாமா எங்கள் பக்கம் திரும்பவில்லை.

எட்டுப் பேரும் நின்ற இடத்திலேயே முழுசாக நின்றார்கள். அவர்களில் ஒரு அக்கா, "கைகால விட்டு வச்சுச்சே, அது வரைக்கும் புண்ணியம்லா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்த அம்மா, நீளக்கைச் சட்டையும் தலைத்துணியும் ரப்பர் சப்பாத்துமாக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

"இனிமே அது ஒன்னய ஒன்னும் பண்ணாதும்மா. சப்பாத்தக் கழட்டு."

அம்மா என்னையே பார்த்தாள். "கழட்டிற வேண்டியதுதான்" என்றாள்.

ஒன்றை அவள் கழற்றினாள். இன்னொன்றை, சந்தோஷத்தோடு, நான் பிடித்து இழுத்துக் கழற்றினேன்.