வாரண்டு: காப்பவன் என்று பொருள்

மழை விட்ட பிறகும் பதுளையில் கூரைகள் வெகுநேரம் சொட்டும். அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் அந்தச் சொல்லை எழுதி எழுதிப் பழகினேன். வாரண்டு. தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசி ஐயாவிடம் ஆங்கிலத்தில் நகல் எழுதுவது என் வேலை. துரைக்கு அறிவிக்காமல் தோட்டத்தை விட்டுப் போன ஆட்களைப் பிடித்துத் தரச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கும் மனுக்கள்தான் அதிகம் வரும். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கும்.

எழுத்துக் கூட்டினால் நடுவில் இரண்டு ஆர் ஒட்டி நிற்கும். ஒன்றை விட்டுவிட்டால் ஐயா தாளையே கிழித்துப் போடுவார். முதல் மூன்று எழுத்தைத் தனியே பார்த்தால் யுத்தம் என்று வாசிக்கலாம். அதனால் அது யுத்தம் ஈன்ற குட்டி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஐயா சாப்பிடப் போன ஒரு மத்தியானம், அலமாரியிலிருந்த தடித்த அகராதியை இறக்கிப் பார்த்தேன். யுத்தத்துக்கும் அதற்கும் உறவில்லையாம். பழைய பிரெஞ்சுப் பேச்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடல் தாண்டி வந்த சொல். பிரெஞ்சுக்கும் அது ஜெர்மானியர் கொடுத்தது. பிரான்சில் ஒரு பக்கத்தார் அதை வகரத்தில் தொடங்கினார்கள், மறுபக்கத்தார் ககரத்தில். அந்த மறுபக்கத்துப் பிள்ளைதான் கடைக்காரர்கள் சொல்லும் காரண்டி. இரண்டுக்கும் ஆதியில் ஒரே பொருள்: காப்பவன், பொறுப்பேற்று நிற்பவன்.

காப்பவன் என்றால் யாரை? விரலை இன்னும் கீழே இறக்கினேன். ஒருவன் செய்யும் காரியத்தால் அவனுக்குப் பழி வராதபடி மேலிடம் கொடுக்கும் அதிகாரம் என்று இருந்தது. அப்படியானால் காவல், பிடிக்கப் போகிறவனுக்கு. பிடிபடுகிறவன் அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அகராதியை மூடி வைத்தேன்.

அதற்குப் பின் கொஞ்ச நாளில் அக்கா லுணுகலையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அதற்கு முன் அவளும் மச்சானும் அப்புத்தளைக்கு மேலே, உச்சிவெயிலிலும் பனி விலகாத ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே அவளைப் பிடித்த இருமல் விடவில்லை. இன்னொரு மழைக்காலத்தை அந்த மலையில் தாங்கமாட்டாள் என்று மருந்துக்காரர் சொன்னதால்தான் மச்சான் அவளைக் கூட்டிக்கொண்டு லுணுகலைப் பக்கம் வெயிலுக்கு இறங்கினார். இறங்கியபின் அவள் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது.

"தம்பி, போலீசு வந்து வெசாரிச்சிட்டுப் போச்சாம். அவரு பேருல வாரண்டு இருக்காம்."

"சொல்லாமயா கெளம்புனீங்க?"

"சொல்லாம வருவமா? ஒங்க மச்சான் கங்காணி வீட்டுக்குப் போயி, வெத்தல பாக்கு வச்சு, ஒரு மாசத்துல எறங்குறோம்னு சொன்னாரு. அவரும் எடுத்து வாயில போட்டாரு. நானும்தான் நின்னேன்."

"தொரைகிட்ட?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தொரைகிட்ட யாருடா போய்ப் பேசுவா? நீ லயத்துல பொறந்தவன்தானே? பதுளத் தண்ணி குடிச்சதும் மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் கல்யாணமும் சாவும், ஆட்களை வேலை வாங்கும் கங்காணியைத் தாண்டி நடக்காது. அவர் வெற்றிலையை எடுத்தால் சம்மதம். அதற்கு மேல் யாரும் ஒரு பேச்சுக் கேட்பதில்லை. ஆனால் துரைக்கே ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நகல் எடுத்தே அது எனக்கு மனப்பாடம்.

மச்சானுக்காகப் பேச முடியுமா என்று ஐயாவிடம் கேட்டேன். "அந்தத் தொரை நம்ம கட்சிக்காரர்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

அக்காவோடு லுணுகலைக்குப் போனேன். மச்சான் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. கோர்ட்டே லயத்துக்கு வந்துருச்சு போல."

"மச்சான், இப்பவே கெளம்புங்க. பழைய தொரையப் பாத்து, நடந்ததச் சொல்லிருவோம்."

"எதுக்கு? தான் மென்னு துப்புன வெத்தலைய கங்காணி இல்லேன்னா சொல்லப் போறாரு?" கோடரியைச் சாத்திவிட்டுச் சிரித்தார். "அவரு வந்து உள்ளதச் சொல்லுவாரு. பொய் பேசுற ஆளு இல்ல."

அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேச்சு முடிவதற்குள் ராலாமி வந்துவிட்டார். போலீஸ்காரரை அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"கட்டி இழுக்கவா, நடந்து வர்றியா?"

"நடந்தே வர்றேன் ராலாமி. சோறு வெந்துருச்சு. நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

சாப்பிட்டார். அக்கா பரிமாறினாள். அந்த வீட்டுக்காரரைப் பிடிக்க வந்தவர், அந்த வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு, நிதானமாகக் குழம்புக்குக் கை நீட்டினார். அவர் சட்டைப் பையில் மடித்த காகிதத்தின் முனை தெரிந்தது. அது இருக்கும்வரை அவரை எதுவும் தொடாது.

பதுளைக் கோர்ட்டில் கங்காணி தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"வெத்தல வாங்குனது நெசந்தானுங்க. எறங்கப் போறேன்னு சொன்னதும் நெசந்தானுங்க."

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள்.

"துரைக்கு அறிவித்தீரா?" என்று நீதவானின் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"அவரு என்னைய ஒண்ணும் கேக்கலீங்களே."

யாரும் பொய் சொல்லவில்லை. கங்காணிக்குச் சொன்னது துரைக்குச் சொன்னதாகாது என்றார் நீதவான். கடூழியச் சிறை, மீண்டதும் பழைய தோட்டத்திலேயே வேலை. மச்சான் திரும்பிக் கங்காணியைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பழகிய வீட்டில் கதவைத் தேடுகிறவன் பார்வை.

மச்சான் தண்டனை முடிந்து வெளியே வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போகக் கங்காணி சிறை வாசலில் குடையோடு காத்திருந்தார்.

"அக்கா, நீ என்கிட்டயே இரு. மழ முடியட்டும்."

"அவருக்கு அங்க யாரு கஞ்சி காச்சுவா?"

"அவ இங்கயே இருக்கட்டும்" என்றார் மச்சான். "நானே காச்சிக்குவேன்."

"காச்சுவீங்க, காச்சுவீங்க. கரியாக்குன சட்டிய யாரு தேய்க்கிறது?" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

பண்டாரவளை ரோடு ஏறும் இடம்வரை கூடப் போனேன். மேலே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. மச்சான் தன் கம்பளியைக் கழற்றி அவள் தலையோடு சேர்த்துப் போர்த்தினார். கங்காணி முன்னால் குடையோடு போக, இருவரும் அந்த மேகத்துக்குள் ஏறினார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் இருமல் கொஞ்ச நேரம் கேட்டது.