ஒற்றைத் துடுப்பு

செஞ்சியில் ஒரு படகுச் சங்கம் இருந்தது என்று சொன்னால் என் கணவர் இன்றும் சிரிக்கிறார். மழைக்குப் பிறகு சில மாதங்கள் மட்டுமே ஏரியில் தண்ணீர் நிற்கும் ஊரில் படகுக்கு என்ன வேலை என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் என் அப்பா, நைனா, சென்னையில் வேலை பார்த்தபோது, ஞாயிறுதோறும் ஆற்றில் துடுப்புப் போடும் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். செஞ்சிக்கு மாற்றலாகி வந்தபோது, அவர்கள் கழித்துப்போட்ட பழைய படகைக் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். லாரிக்கு வெளியே வால் நீட்டியபடி வந்த அந்தப் படகைப் பார்க்கத் தெருவே திரண்டதாம். அந்த உற்சாகத்தில்தான் இங்கும் சங்கம் தொடங்கியது.

அது இருவர் செலுத்தும் படகு. ஆளுக்கு ஒரே துடுப்பு. ஒருவருக்கு வலப்பக்கம், மற்றவருக்கு இடப்பக்கம். இருவரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அவர்களுக்கு எதிரே, கடைசியில், எடை குறைந்த ஒருவர் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழி பார்க்க வேண்டும். ஏழு வயதில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. "கோட்டப் பக்கம்", "ரோட்டுப் பக்கம்" என்று அதிகாரமாகச் சொல்லுவேன். பாதுகாப்புக்கு என் இடுப்பில் ஒரு ஸ்கூட்டர் ட்யூப். இப்போது என் மகளைத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் விடவே எனக்குப் பயம். அம்மாவுக்கு எப்படி மனம் வந்ததோ. அல்லது நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ.

சங்கம் கரைய அதிக காலம் ஆகவில்லை. வாத்தியார் ஒருவருக்கு மாற்றல் வந்தது. இன்னொருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேறொருவர் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார். மிஞ்சியவர்கள் நைனாவும் மருந்துக்கடை மாமாவும்தான். மாமாவும் வாராவாரம் ஏதாவது சாக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது, நாளை மாமா வராவிட்டால் படகைத் திருப்பி அனுப்பிவிடப் போவதாக நைனா சொன்னார். பிறகு தட்டைப் பார்த்தபடி அம்மாவிடம், "நீதான் அந்தத் துடுப்பப் புடியேன்" என்றார்.

"ஊரு இன்னா பேசும்? பொடவைய சொருவிக்கினு ஏரில எறங்க சொல்றீங்களா?"

நைனா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம், கடையை மூட முடியாது என்று மாமா சொல்லி அனுப்பினார். நைனா சற்று நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தூக்கிப் படகில் உட்காரவைத்துவிட்டுத் தானும் ஏறினார். அம்மா டிபன் தூக்கோடு கரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பக்கம் மட்டும் துடுப்பு விழ, படகு திரும்பியது. நான் கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"வுட்டுடும்மா. அது நேரா போவாது" என்றார் நைனா.

படகு வட்டமடித்தது. கோட்டை வந்தது, ரோடு வந்தது, அம்மா வந்தாள், மறுபடியும் கோட்டை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "இன்னா சார், செக்கு ஓட்றீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்பா, எண்ண வந்தா ஒனக்கும் குடுக்கறேன்" என்றார் நைனா. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படகை இப்படி ராட்டினமாக்க என் நைனாவால் மட்டும்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டு, இன்னும், இன்னும் என்றேன். அவர் குனிந்த தலை நிமிராமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய தோளுக்கு மேலே அம்மா வந்து வந்து போனாள். ஒரு சுற்றில் எழுந்து நின்றிருந்தாள். அடுத்த சுற்றில் செருப்பு தூக்கின் பக்கத்தில் கிடந்தது. அதற்கடுத்த சுற்றில் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, படகைப் பார்த்தபடி தண்ணீருக்குள் நின்றாள். கால் கழுவுகிறாள் என்று நினைத்தேன். அதை நைனாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

நாங்கள் கரையேறியபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். அந்த வாரமே லாரி வந்தது. ராட்டினம் போய்விட்டதே என்று அழுதேன்.

அன்று அவளுடைய புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கால் கழுவ அவ்வளவு ஆழம் எதற்கு என்று கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை.